பழைய பேப்பருக்குப் போடாத மூன்று நோட்டு

தம்பி, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவதில்லை. அதைப் போனில் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேச முடியாததைப் பேசத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் கொஞ்சம் காட்டமாக ஆரம்பித்தாலே, "அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஓசூரில் உனக்கு மட்டும் நாளுக்கு எத்தனை ஷிப்டு வருகிறதோ தெரியவில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது கட்டிலில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும், எடுத்துப் படித்துத்தான் தீர வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நானே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். "அலமாரி மேல்தட்டுல மூணு நோட்டு கெடக்கும்மா. பழைய பேப்பர்காரன் வந்தா தூக்கிப் போட்டுரு. கல்யாணத்துக்கு முன்னால அந்த ரூம் சுத்தமா இருக்கணும்." கிழிந்த பாயைத் தூக்கிப் போடச் சொல்வதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னாய். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பதினோராம் வகுப்பில் ஆரம்பித்தாய். ஒரு பென்சில், ஒரு லூடோ கட்டை, ஒரு நோட்டு. தனியாக உட்கார்ந்து கட்டையை உருட்டுவாய், எழுதுவாய், ஏதோ ஒரு பிராணியை வரைவாய், மறுபடி உருட்டுவாய். அது தனி ஒருவர் ஆடுகிற ஆட்டம், பிராணிகளைச் சேர்க்கிற ஆட்டம் என்று எத்தனையோ தரம் எனக்குச் சொல்லிப் பார்த்தாய். நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனால் எட்டு வருஷம் நீ அதை விடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இப்போது கிலோ என்ன விலைக்கு எடுப்பான் என்றுகூடக் கேட்காமல் போடச் சொல்கிறாய்! என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

ஏன் சொன்னாய் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நிச்சயத்துக்கு முன்னால் மஞ்சு வீட்டிலிருந்து நம் வீடு பார்க்க வந்தார்களே, அன்றைக்கு நடந்ததுதான் காரணம். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தால் அடுப்படி, கிணறு, கக்கூசு வரை பார்ப்பார்கள், அது வழக்கம், பார்க்கட்டும். அந்தப் பெண்ணின் அண்ணன் உன் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தானே, அதற்கு எந்த ஊரில் வழக்கம் இருக்கிறது? நாலு பக்கம் புரட்டிவிட்டு, "என்ன மாப்ள, இன்னும் பொம்மை போட்டு வெளையாடுறீகளா?" என்று கேட்டான். வந்திருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். நீ கதவோரம் நின்றாய். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும், நீதான் பார்த்தாயே. நானும் சிரித்தேன். "அதெல்லாம் சின்னப் புள்ளையில போட்டது தம்பி" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். நோட்டில் கடைசியாக இருந்த படம் போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது வரைந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லாமல் போய்விடும். தரகர் முதல் தடவை வந்தபோது நீ பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பற்றிக் கேட்டார். நான் மளமளவென்று ஒப்பித்தேன். "குடி கெடையாது, சிகரெட் கெடையாது, சீட்டு கெடையாது. படம் வரைஞ்சுக்கிட்டுக் கெடந்தான், அதையுங்கூட விட்டுட்டான்." கெட்ட பழக்கங்களின் வரிசையில் கொண்டுபோய் அதைச் சேர்த்தேன். பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது. அன்றைக்கே உன்னிடம் வந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நல்ல சம்பந்தம் கைகூட வேண்டுமே என்கிற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். பெற்றவளே உன்னை ஒளித்து வைத்தால் ஊரான் சிரிக்கத்தானே செய்வான்.

திங்கட்கிழமை பேப்பர்காரன் வந்தான். நோட்டு மூன்றையும் எடுத்துத் தூசி தட்டினேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில், உன் பதினோராம் வகுப்புக் கையெழுத்தில், "தொடங்கும் விதம்" என்று எழுதியிருந்தது. இங்கிலீஷில் இருந்த விதிகளை நீயே தமிழில் எழுதி வைத்திருக்கிறாய். அடியில், "அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க" என்று ஒரு வரி. வாசலில் அவன், "அக்கா, இருக்கா இல்லியா?" என்று கத்திக்கொண்டிருந்தான். "இல்ல, போ" என்றேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தபடி போனான்.

அப்புறம் கடைக்குப் போனேன். தாயக்கட்டை வீட்டில் இருக்கிறது, ஆனால் உன் ஆட்டத்துக்கு ஆறு பக்கம் உள்ள கட்டை வேண்டும் என்று எழுதியிருந்தாயே. "லூடோ கட்டை ஒண்ணு குடு" என்றேன். கடைக்காரன், "யாருக்குக்கா? வீட்டுக்கு யாரும் விருந்தாடி வந்திருக்காகளா?" என்றான். "ஏன், நான் வெளையாடக் கூடாதா?" என்று ஒரு முறை முறைத்தேன். உடனே எடுத்துக் கொடுத்தான். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொம்பளை கட்டை வாங்கினால் இந்த ஊரில் அதற்கு ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது.

உன் விதிகளை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. மூன்று தரம் உருட்ட வேண்டும். முதல் எண் பிராணி இருக்கும் இடம், இரண்டாவது எண் அதன் உடம்பு, மூன்றாவது எண் அதன் குணம். எந்த எண்ணுக்கு என்ன என்று நீ பட்டியல் போட்டிருக்கிறாய். மூன்றையும் சேர்த்து உலகத்தில் இல்லாத ஒரு பிராணியை வரைய வேண்டும். வரைந்த பிறகு அதைப் பற்றிக் கவனித்ததை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத வேண்டும், ஆறு வரை எழுதலாம். கடைசியாக ஒரு உருட்டு. விழுந்த எண் நீ எழுதிய எண்ணிக்கைக்குள் அடங்கினால் பிராணி உன்னோடு வந்துவிடும். மிஞ்சினால் போய்விடும். போனதை அழிக்கக் கூடாது. என்றைக்காவது மறுபடி எதிர்ப்பட்டால் விட்ட இடத்திலிருந்து எழுதலாம். இவ்வளவுதான். "மிகவும் எளிது" என்று வேறு மேலே எழுதியிருக்கிறாய். எளிதாம்! எவன்டா சொன்னான்?

எனக்கு விழுந்தது கூரை, ஓடு உள்ள உடம்பு, கூச்சம். கூரைமேல் இருக்கிற, ஓடு உள்ள, கூச்சப்படுகிற பிராணி. ஓடு என்றதும் எனக்கு வேறென்ன தோன்றும்? இருபது வருஷமாக நண்டு கம்பெனியில் நண்டு உடைக்கிறவள். ஒரு நண்டைக் கூரைமேல் ஏற்றி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கலர் பென்சில் வாங்கி வர்ணமும் தீட்டினேன். "கால் பத்து" என்று ஒரே ஒரு சங்கதி எழுதிவிட்டுக் கட்டையை உருட்டினேன். நாலு. போய்விட்டது. "ஓடிப் போச்சு" என்று நோட்டில் எழுதினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று இன்னொரு தரம் உருட்டினேன். ஆறு! எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டையைத் தூக்கி எறிந்தேன், அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. வலை காயப் போட்டுவிட்டு வந்த உன் அய்யா கட்டையைத் தேடி எடுத்துத் தந்துவிட்டு நோட்டைப் பார்த்தார். "என்னாடி இது?" என்றார். "கண்ணு தெரியலையா? நண்டு." "நண்டு தெரியுது. செவப்பா இருக்கு?" "நண்டு செவப்பாத்தான் இருக்கும்." அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "கூறுகெட்டவளே, கடல்ல எங்கன செவத்த நண்டு கெடக்கு? இது வெந்த நண்டுல்ல! உசுரோட இருந்தாத்தானே ஓடும், இது எப்புடி உன்னைய விட்டு ஓடுச்சு?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உயிர் நண்டு எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர் வலையிலிருந்து கொண்டுவந்து கொட்டுகிற நண்டைத்தானே குழம்பு வைக்கிறேன். நீலக்கால், பச்சை முதுகு, வெள்ளைப் புள்ளி, எல்லாம் தெரியும். ஆனாலும் என் கை போனது சிவப்புக்குத்தான். கம்பெனிக்கு வருகிற நண்டெல்லாம் அவித்து வருகிற நண்டு. அது எங்கே இருந்தது, எப்படி நீந்தியது என்று அங்கே எவளுக்கும் வேலையில்லை. கால் சதை ஒரு தட்டில், முதுகுச் சதை ஒரு தட்டில். இருபது வருஷம் கையில் பிடித்த ஒன்றை நான் முழுசாகப் பார்க்கவே இல்லையே என்று அப்படி ஒரு கோபம். யார் மேல் கோபம் என்று கேட்காதே. உன் அய்யா மேல் காட்டினேன், பக்கத்தில் அவர்தான் இருந்தார்.

மறுநாள் அவர் ஒரு உயிர் நண்டை வாளியில் போட்டு முன்னால் வைத்தார். "பாரு. நல்லாப் பாத்துட்டு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குச் சொன்னார், நான் விளையாட்டாக எடுக்கவில்லை. கம்பெனி விட்டு வந்து ஒரு மணி நேரம் வாளி முன்னால் உட்கார்ந்தேன். கடைசிக் காலிரண்டும் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கிறது. கண்ணை மடக்கி ஓட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. வாயில் நுரை கட்டுகிறது. என் நிழல் மேலே விழுந்தால் கொடுக்கைத் தூக்குகிறது, நான் அசையாமல் இருந்தால் இறக்குகிறது. அதையெல்லாம் கூரைமேல் இருக்கிற என் பிராணிக்குக் கொடுத்தேன். மழை பெய்தால் கூரை ஓட்டுச் சந்தில் ஒளிந்துகொள்ளும் என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். அடுப்புப் புகை பிடிக்கும் என்று இன்னொன்று. கால் பத்து என்பதை அடித்துவிட்டேன், அது பார்த்து எழுதியது இல்லை. எண்ணினால் ஆறு. ஆறு எழுதினால் எந்த எண் விழுந்தாலும் வந்துவிடுமே, உருட்டவே தேவையில்லையே என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆனாலும் உருட்டினேன். மூன்று விழுந்தது. கூரையாண்டி என்று பேர் வைத்தேன். உன் மூன்றாவது நோட்டில் காலியாக இருந்த பக்கத்தில்தான் வரைந்திருக்கிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். உனக்குப் பெண் பார்த்தபோது அந்த வீட்டுக்கு உன்னைப் பற்றி நாங்கள் சொன்னது ஜாதகம், உயரம், வேலை, இந்த மூன்றுதான். உனக்கு அவளைப் பற்றிச் சொன்னது கருப்பில்லை, டீச்சர் படிப்பு, அடக்கமான பிள்ளை. வெந்த நண்டைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி இரண்டு பேரையும் நீட்டியிருக்கிறோம். அதுவும் போதாது என்று, உன்னைப் பற்றி உண்மையாக இருக்கிற ஒன்றை நீயே பேப்பர்காரனிடம் போடச் சொல்கிறாய். எட்டு வருஷம் ஒரு இலையின் நரம்பைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்து எழுதினவன், கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் நாலு வார்த்தை பேசினாயா? "வாரத்துல ரெண்டு மெசேஜ் வரும் அத்தை, குட்மார்னிங், குட்நைட்" என்றாள் அவள். வெட்கமாக இல்லையா உனக்கு? சமைந்த குமரியாட்டம் பயந்து சாகிறாயே, அந்த அண்ணன்காரன் ஒரு சிரிப்புச் சிரித்ததற்கு! அவன் என்ன பெரிய கலெக்டரா? அவன் பைக்கில் பருந்துப் படம் ஒட்டியிருக்கிறான், அது பொம்மை இல்லையா?

அவள் சொன்னது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ இப்போது முழிப்பாய். ஆமாம், நேற்று ராமநாதபுரத்தில் மஞ்சு வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் பேர் சரிபார்க்கப் போனேன். தொண்டியில் பஸ் ஏறும்போது மஞ்சப்பையில் மூன்று நோட்டையும் போட்டுக்கொண்டேன். உன்னைக் கேட்காமல் கொண்டு போனது தப்புதான். ஆனால் நீ வேண்டாம் என்று வீசின பொருள் அது. பேப்பர்காரன் கடையில் எவன் எவனோ புரட்டிக் கடலை மடித்துக் கொடுப்பது உனக்குச் சம்மதம், உன் பெண்டாட்டியாக வரப்போகிறவள் பார்ப்பது சம்மதமில்லையா? அப்படி என்றால் போன் போட்டுச் சண்டைக்கு வா, எனக்கும் பேச நிறைய இருக்கிறது.

அந்த அண்ணன் வீட்டில்தான் இருந்தான். நோட்டைப் பார்த்ததும் மறுபடி ஒரு இளிப்பு. "தம்பி, அன்னைக்கு நான் ஒரு பொய் சொன்னேன்" என்றேன். "சின்னப் புள்ளையில போட்டது இல்ல. எம் மகன் இப்பவும் போடுறான். நானும் போடுறேன். உங்களுக்கு வேணும்னா உக்காந்து பாருங்க, இல்லாட்டிக் காப்பி குடிச்சிட்டுப் போங்க." அவன் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். சம்பந்தி அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கும் ஒரு கணம் பயம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மஞ்சுதான் வந்து, "குடுங்க அத்தை, நான் பாக்குறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

மெதுவாகத்தான் புரட்டினாள். விதியைக் கேட்டாள், சொன்னேன். கூரையாண்டியைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் அவள் அண்ணன் சிரித்த சிரிப்பு இல்லை அது. பிறகு இரண்டாவது நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். நான் முதல் நோட்டைத்தான் படித்திருந்தேன், அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. "இது என்னமோ போல இருக்கு அத்தை" என்று சத்தமாகப் படித்தாள். "இடம் வாசல். உடம்பு, கை. குணம், கூச்சம். ஒன்று, சாயங்காலம் வேன் நிற்கிற சத்தத்தோடு வரும். இரண்டு, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். மூன்று, நண்டு வாடை போக எலுமிச்சைத் தோலைத் தேய்க்கும், போகாது. நான்கு, என் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கையைச் சேலைக்குள் வைத்துக்கொள்ளும். ஐந்து, யாரும் இல்லை என்று நினைத்துப் பாடும். உருட்டினேன், ஆறு. போய்விட்டது." மஞ்சு நிமிர்ந்து, "இது யாரு அத்தை?" என்றாள். என் இரண்டு கையும் சேலைக்குள்தான் இருந்தன. எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். "நான்தான் ஆத்தா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் கையைப் பார்த்தாள். "இந்த நோட்டு எங்கிட்ட இருக்கட்டும் அத்தை. வேணும்னா அவுகளையே எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லி மூன்றையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

திரும்பி வரப் பஸ் ஏறியதும் எனக்கு அழுகை. தேவிபட்டினம் தாண்டுவதற்குள் அது கோபமாகிவிட்டது. ஏன்டா, ஐந்தோடு நிறுத்தினாயே, ஆறாவது தெரியவில்லை என்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே? அடுப்படியில்தானே இருந்தேன்? பிராணி போய்விட்டது என்று எழுதி வைத்திருக்கிறாயே, நான் எங்கே போனேன்? உன் விதிப்படியே கேட்கிறேன், எதிர்ப்பட்டால் விட்ட இடத்திலிருந்து எழுதலாம் அல்லவா? அடுத்த லீவுக்கு வந்து என்னை உட்கார வைத்துப் பார்த்து எழுது. கையை எங்கும் ஒளிக்க மாட்டேன். ஆனால் நோட்டு என்னிடம் இல்லை. முதலில் அவளுக்குப் போன் போடு.

அம்மா